இரவு டியூட்டி வாரங்கள்

10 செப்டம்பர் 1989, ஞாயிறு

சேசு, மரி, சூசை.

மூன்று பெயரையும் எழுதிவிட்டுத்தான் பக்கம் தொடங்குவது வழக்கம். எண்பத்தேழு நாளாக எழுதவில்லை. புரட்டிப் பார்த்தேன், எல்லாம் வெள்ளையாக இருக்கிறது.

இது ரயில்வே டைரி. வருஷம் பிறந்தால் ஸ்டெல்லா அப்பா ஒன்று கொண்டுவந்து கொடுப்பார். "கணக்குப் பிள்ளைக்கு நோட்டு வந்தாச்சு" என்பார். ஜனவரி முதல் தேதி பூசை முடிந்து வந்ததும் பென்சிலைச் சீவி உட்கார்ந்து, வருஷம் முழுக்க ஒவ்வொரு தேதியின் மூலையிலும் அவருடைய டியூட்டியைக் குறித்து விடுவேன். கா என்றால் காலை ஆறு முதல் இரண்டு. மா என்றால் இரண்டு முதல் இரவு பத்து. இ என்றால் பத்து முதல் மறுநாள் காலை ஆறு. சனிக்கிழமைகளில் ஓ, ஓய்வு. விருத்தாசலம் ஜங்ஷன் சிக்னல் கேபினில் பதினெட்டு வருஷம் தண்டவாளம் மாற்றுகிற லிவர் இழுத்தார். பதினெட்டு வருஷமும் எங்கள் வீட்டில் சோறு பொங்குவது, கதவைச் சாத்துவது, விளக்கை அணைப்பது எல்லாம் இந்த எழுத்தைப் பார்த்துத்தான்.

பக்கத்தின் அடியில் என்னுடைய கணக்கு: மாதா சுரூபத்துக்கு விளக்கு, கடிகாரத்துக்குச் சாவி, ஸ்டெல்லாவுக்கு மருந்து மாத்திரை இருந்தால் அது. செய்ததற்கு ஒரு டிக்.

இன்று எழுதக் காரணம், வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் பத்மநாபன் சார் வீட்டுக்கு வந்திருந்தார். ஸ்டெல்லா அப்பா இறந்துபோனதற்காக எனக்குத் தரவேண்டிய வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. நான் பிரைவேட்டாகப் பத்தாவது முடித்திருப்பதால் இந்த ஊரிலேயே கிளார்க் வேலைக்குப் பெயர் போயிருக்கிறதாம். ஆனால் அதற்கு ஒரு புத்திக்கூர்மைப் பரீட்சை. 28ஆம் தேதி, திருச்சியில். தேறினால் வேலை, இந்தக் குவார்ட்டர்ஸும் என் பெயருக்கு மாறும். தவறினால் எங்கே காலியிருக்கிறதோ அங்கே ஒரு கீழ்வேலை, வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஸ்டெல்லா இப்போது பத்தாவது.

"பாடம் எதுவும் படிக்க வேண்டாம்மா. மூளையை மட்டும் கொண்டுபோனா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு ✓ சாவி ✓

13 செப்டம்பர், புதன்

மூன்றரைக்கு எழுந்துவிட்டேன். அடுப்பு மூட்டி, சாதம் வடித்து, கேரியரைக் கழுவித் துடைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கேரியரைத் திரும்ப மேலே வைத்தேன்.

20 செப்டம்பர், புதன்

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்தபோது எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அதுவும் எழுத்துக் கூட்டித்தான். அப்போது அவர் தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் வேலை பார்த்தார். கேபினுக்கு வந்த பிறகு, காலாவதியான ரயில் கால அட்டவணைகளை அலமாரிக்கு விரிக்கக் கொண்டுவருவார். நான் விரிக்காமல் படித்தேன். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிஷம் நிற்கிறது, எங்கே எதிர்வண்டிக்குக் காத்திருக்கிறது என்று பார்க்கப் பார்க்க அது ஒரு கதைப் புத்தகம் மாதிரி இருந்தது. கழித்தல் கணக்கு எனக்கு அப்படித்தான் வந்தது. கால் மணி தாமதமான வண்டி பெண்ணாடத்தில் யாருக்காக நிற்கும் என்று அவர் கேட்பார், நான் சோற்றுக் கரண்டியோடு நின்று சொல்வேன். "ஏ அமலா, உன்னை கன்ட்ரோல் ஆபீஸ்ல போட்டா பாதிப் பேருக்கு வேலை போயிடும்" என்பார்.

மா வாரங்களில் பத்தே காலுக்கு சைக்கிள் சத்தம் கேட்கும். குழம்பைச் சூடு பண்ணி, இரண்டு பேரும் சாப்பிட்டு, பேசிப் படுக்கப் பதினொன்றரை ஆகும். இப்போதும் எனக்கு அந்நேரத்துக்குத்தான் பசிக்கிறது. ஸ்டெல்லா வைகிறாள். "எட்டு மணிக்குச் சாப்பிட்டா உன்னை யாரு கேக்கப் போறா?" என்கிறாள். பெண் வளர்ந்துவிட்டாள், தாயை வைதால் குற்றமில்லை என்று நினைக்கிறாள்.

விளக்கு ✓ சாவி ✓

24 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்கினேன். பரீட்சைக்காகக் கோணாங்குப்பம் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். இன்றிலிருந்து இ.

28 செப்டம்பர், வியாழன்

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து செபமாலை சொன்னேன். பிறகு படுக்கவில்லை. காலையில் நேர்த்திக்காக ஒருசந்தி, தண்ணீர் மட்டும். ஐந்தரை பாசஞ்சர். பெஞ்சில் ஒரு பக்கம் உட்கார்ந்து வந்ததில் கால் மரத்துவிட்டது.

திருச்சியில் ஒரு பெரிய ஹாலில் பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் இருபது வயசுப் பையன்கள், அப்பாவைப் பறிகொடுத்தவர்கள். பெண்கள் நாங்கள் இரண்டு பேர். வினாத்தாளைக் குப்புறப் போட்டிருந்தார்கள். நாற்பது கேள்வி, முப்பது நிமிஷம், பாதிக்குப் பாதி வாங்கினால் தேர்ச்சி. பரீட்சை நடத்துபவர் வயசானவர், நல்ல மாதிரி. கையில் ஸ்டாப் வாட்ச், மேஜையில் ஒரு மணி. மணி அடித்ததும் திருப்பி எழுதத் தொடங்க வேண்டும் என்றார்.

மணியை அடித்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஒரே மாதிரி உருவங்களில் எது சேராதது என்று கேட்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க எல்லாமே சேர்ந்திருந்தது. பிறகு எல்லாமே சேராமலிருந்தது. 3, 6, 11, 18, 27, அடுத்தது என்ன. அந்த ஐந்து எண்ணையும் பத்துத் தரம் படித்தேன். படித்து முடிப்பதற்குள் முதல் எண் மறந்துபோயிற்று. ஸ்டாப் வாட்ச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்குமா என்று தெரியாது, எனக்குக் கேட்டது. ஒரு இடத்தில் தலை கவிழ்ந்து திடுக்கிட்டு நிமிர்ந்தேன். பென்சில் தாளில் ஒரு கோடு இழுத்திருந்தது.

தாளை வாங்கும்போது அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா, ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டார். நன்றாகத் தூங்கினேன் சார் என்றேன். அது பொய். கணக்கில் எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது அரியலூர் தாண்டியதும் 38 என்று தானாக வந்தது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று கூட்டிக்கொண்டே போனால் பதினொன்று. ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டேன்.

6 அக்டோபர், வெள்ளி

பத்மநாபன் சார் வந்தார். நாற்பதுக்குப் பதினொன்று.

இன்னொரு வாய்ப்பு உண்டாம். நவம்பர் 9. அதுதான் கடைசி. வேறு வினாத்தாள், ஆனால் இதே மாதிரிதான் இருக்கும் என்றார். காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர் இன்னாசி உங்களைப் பத்திச் சொன்னதை வெச்சுப் பார்த்தா, இது உங்க மார்க் மாதிரி தெரியலம்மா" என்றார். அவருக்கு என் மேல் இரக்கம். இவர் வீட்டுக்காரியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததற்கு நான் என்ன செய்ய? ஐந்தாம் வகுப்பில் நிறுத்தியவர்கள் காரணமாகத்தான் நிறுத்தியிருப்பார்கள்.

8 அக்டோபர், ஞாயிறு

பாண்டிச்சேரியிலிருந்து அவருடைய அண்ணன் சூசைநாதன் மாமா கடிதம். பரீட்சை சங்கதி தெரிந்திருக்கிறது. பொம்பளை ஆபீசில் உட்கார்ந்து எழுதுவதெல்லாம் நம் குடும்பத்துக்கு எதற்கு, சாமான்களைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது, ஸ்டெல்லாவுக்குப் பதினெட்டு ஆனதும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். கெட்டவர் இல்லை. அந்தப் பின்கட்டு அறையில்தான் நெல் மூட்டையும் பழைய கட்டிலும் போட்டிருக்கிறார்கள். அவற்றோடு நாங்களும்.

ஸ்டெல்லா கடிதத்தைப் படித்தாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், உத்தியோகத் தேர்வுக்கு விற்கிற வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தாள். தினம் நாற்பது கேள்வி, முப்பது நிமிஷம், அவள் கடிகாரம் பார்ப்பாள். "நான் வாத்தியாரம்மா, நீ பாடம் கேக்கணும். அழக்கூடாது" என்றாள். யார் அழுதார்கள்.

14 அக்டோபர், சனி

செபமாலை மாதம். தினமும் சாயங்காலம் கோயிலில் செபமாலை, வந்ததும் பரீட்சை. இந்த வாரக் கணக்கு:

திங்கள் 22. செவ்வாய் 21. வியாழன் 24. வெள்ளி 23.

எல்லாம் இருபதுக்கு மேல். தேறிய மாதிரிதான். மாதாவுக்கு நன்றி.

19 அக்டோபர், வியாழன்

திங்கள் 16. செவ்வாய் 13. இன்று 12.

சக்கை மாதிரி ஆகிவிட்டேன். படித்தது மேலே ஏறவேண்டும், கீழே இறங்குமா? யோசித்துப் பார்த்ததில் திங்களும் இன்றும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருக்கிறேன். செவ்வாய் மழை. இனி 9ஆம் தேதி வரை கத்தரிக்காய் வாங்குவதில்லை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள்.

25 அக்டோபர், புதன்

திங்கள் 27. இன்று 29. கத்தரிக்காயை நிறுத்தியது வேலை செய்கிறது.

28 அக்டோபர், சனி

நேற்றைய மார்க் 30 என்று எழுத டைரியைத் தேடினால், ஸ்டெல்லா ஏற்கெனவே எடுத்து மேஜையில் விரித்து வைத்திருந்தாள். என் டைரியை அவள் தொடுவதில்லை. எதற்குத் தொட்டாய் என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார் என்றாள்.

ஒரு தாளில் மூன்று வாரத்து மார்க்கையும் எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு தேதி மூலையிலும் இருக்கிற எழுத்தை எழுதியிருந்தாள். மா வாரம், 21லிருந்து 24. இ வாரம், 12லிருந்து 16. கா வாரம், 27லிருந்து 30. திருச்சிப் பரீட்சை எழுதியதும் இ வாரம்.

மூன்றரைக்கு எழும் வாரத்தில் நான் ஒன்பதுக்கே படுத்துவிடுகிறேனாம். மா வாரத்தில் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறேன். இ வாரத்தில் இரண்டு மணிக்கு எழுந்தால் பிறகு படுப்பதே இல்லை. எல்லாவற்றையும் அவள் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் அவள் தூங்குவதாக நினைத்தேன்.

"அம்மா, இது உன் புத்தி இல்ல. இது அப்பாவோட டியூட்டி" என்றாள்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கூட்டிப் பார்க்கிற அவசியம்கூட இல்லை.

"ஒன்பதாம் தேதி திரும்ப இ வாரம் வருது. அந்த ஒரு வாரம் ரெண்டு மணிக்கு எழுந்திரிக்காதம்மா. யாருக்காக எழுந்திரிக்கிற நீ?"

இறந்து உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக என்றேன். "ஆன்மாக்களுக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவைதான் செபம் வேணுமா?" என்றாள். எழுந்து போய் அடுப்படியைக் கழுவினேன். காலையில் கழுவியதுதான்.

மாலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொல்லப் போனதைச் சொல்லவில்லை.

29 அக்டோபர், ஞாயிறு

சாமியாரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கேபினில் இரவு டியூட்டி பார்க்கிறவனுக்கு இரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரைதான் கண்டம் என்பார். எவ்வளவு தேறினவனாக இருந்தாலும் அந்நேரம் கண் இழுக்கும். ஒரு நிமிஷம் கண்ணசந்து தப்பான லிவரை இழுத்தால் இரண்டு வண்டி ஜனம். அவர் கேபினுக்குப் போன புதிதில் அதைக் கேட்டுப் பயந்துபோய், அவருடைய இ வாரங்களில் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அவர் கண் மூடாதிருக்க ஒரு செபமாலை சொல்வேன். பதினெட்டு வருஷம். அவரிடம் சொன்னபோது சிரித்தார். சில நாள் விடிந்து வந்ததும், "ராத்திரி ரெண்டரைக்கு ஒரு கொட்டாவி வந்துச்சு, நீ செபமாலையில மூணாம் காரணிக்கத்துல தூங்கிட்டியா?" என்பார்.

ஜூன் 14 இரவு அலாரம் அடிக்கவில்லை. அல்லது அடித்து எனக்குக் கேட்கவில்லை. கண் விழித்தபோது ஐந்தரை. கடிகாரத்தின் தலைப் பொத்தான் அமுங்கியிருந்தது. தூக்கத்தில் நானே அமுக்கியிருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்.

இரண்டே காலுக்கு மேல் நெஞ்சடைத்திருக்கிறது என்றார் டாக்டர். சரக்கு வண்டி ஒன்று சிக்னலில் நின்று விசில் அடித்துக்கொண்டே இருந்ததாம். காலனியில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு ஐந்தே முக்காலுக்குத்தான் வந்து கதவைத் தட்டினார்கள்.

ஆகையால் நான் தூங்குவதற்கில்லை. பரீட்சையில் தவறினால் தவறட்டும். பாண்டிச்சேரிப் பின்கட்டைக் கூட்டிப் பெருக்கினால் அதுவும் வீடுதான்.

விளக்கு ✓ சாவி ✓

2 நவம்பர், வியாழன்

கல்லறைத் திருநாள்.

கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, நாலு மூலையிலும் மெழுகுதிரி ஏற்றினோம். மழை வருவது போலிருந்ததால் சுடர் நிற்கவில்லை. ஸ்டெல்லா கையை அணைவைத்துக்கொண்டு நின்றாள்.

தட்சிணாமூர்த்தி அண்ணன் வந்தார். கேபினில் இவரோடு மாறி மாறி டியூட்டி பார்த்தவர். அவர் முடித்தால் இவர் ஏறுவார். நெற்றியில் விபூதி, கையில் ஒரு பாக்கெட் மெழுகுதிரி. எத்தனை ஏற்றுவது என்று தெரியாமல் பாக்கெட்டோடு ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். அவரை வரச்சொன்னதே இவள்தான் என்று பிறகு தெரிந்தது. அம்மா இ வாரத்தில் தூங்குவதில்லை, நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் முதலில் டியூட்டி ரோஸ்டரைப் பற்றிப் பேசினார். ஆகஸ்டிலேயே புது ஆள் வந்துவிட்டானாம். வரிசையையே மாற்றிவிட்டார்களாம். நான் டைரியில் வைத்திருக்கிற வாரங்கள் இப்போது கேபினில் யாருக்கும் இல்லை. "நீ பாக்குற டியூட்டிக்குக் கேபினே கிடையாது தங்கச்சி" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

அப்போது வாயில் வந்துவிட்டது. அன்றைக்கு நான் அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்கிவிட்டேன் அண்ணே என்றேன். ஐந்து மாதத்தில் முதல் முறையாக இன்னொரு மனிதரிடம்.

அவர் கல்லறைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"அன்னிக்குப் பத்து மணிக்கு என்னை ரிலீவ் பண்ண வந்தான். கேரியரை வெச்சுட்டு அவனா சிரிச்சான். என்னடான்னேன். அவ மூணு நாளா இருமிக்கிட்டே ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்திருக்கா, இன்னிக்கு அவளுக்கு ஓய்வு குடுத்துட்டேன், அவ பாத்திரம் வெளக்கிட்டு இருக்கும்போது அலாரப் பொத்தானை அமுக்கி வெச்சுட்டு வந்துட்டேன்னான்."

நான் கல்லறைக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது.

"ஒரு ராத்திரி செபம் இல்லாம நான் முழிச்சிருக்க மாட்டேனான்னு கேட்டான். முழிச்சுத்தான் இருந்தான் தங்கச்சி. ரெண்டு பத்துக்கு ரெஜிஸ்டர்ல வண்டி நம்பர் எழுதியிருக்கான். நான் பாத்தேன். எழுத்து கொஞ்சம்கூடக் கோணலை. சிக்னலும் ஆன்ல, நில்லுங்கிற நிலையிலதான் இருந்துச்சு, வண்டியைப் பத்திரமா வெளியிலேயே நிறுத்தி வெச்சுட்டுத்தான் போயிருக்கான்."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "இது ஒரு விஷயம்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு அலாரம்" என்றார்.

மெழுகுதிரி எல்லாம் அணைந்துபோயிருந்தது. ஸ்டெல்லா திரும்ப ஏற்றினாள்.

3 நவம்பர், வெள்ளி

ஜூன் 14ஆம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை.

என் கையெழுத்துதான். இருமல் மருந்து மூன்றாம் நாள். விளக்கு ✓ சாவி ✓ அலாரம் 2 ✓

இத்தனை நாள் அந்த டிக்கைப் பொய் என்று நினைத்திருந்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கை வைத்தவர் வேறு ஆள்.

அவர் மேல் கோபம் வந்தது. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. ஒரு சொல் சொல்லிவிட்டு அமுக்கியிருக்கலாம். சொன்னால் நான் விட்டிருக்க மாட்டேன், அதுவும் அவருக்குத் தெரியும். பிறகு நாள் முழுக்க அடுப்படியில் நின்றபடி ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காலடியில் சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்த்தான் ஏறுவார். பெடல் கிரீச்சிடும் என்று. அன்றைக்குப் போகும்போது வாசலிலிருந்து, "அமலா, கதவைச் சாத்திக்கோ" என்றார். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ம் என்றேன். அந்தக் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அன்று அதைக் கேட்டேன், கவனிக்கவில்லை.

8 நவம்பர், புதன்

தேதி மூலையில் இருந்த இ எழுத்தை அழித்தேன். பென்சில்தான், சுலபமாக அழிந்தது. அதே இடத்தில் ஓ என்று எழுதினேன்.

எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குப் படுக்கை.

விளக்கு ✓ சாவி ✓

9 நவம்பர், வியாழன்

இரண்டு மணிக்குக் கண் விழித்தது, அலாரம் இல்லாமலே. பதினெட்டு வருஷத்துப் பழக்கம் ஒரு நாளில் போகாது. எழவில்லை. படுத்தபடியே ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லத் தொடங்கினேன். முடித்த ஞாபகம் இல்லை. அடுத்த நினைவு, ஸ்டெல்லா தோளைத் தட்டி, மணி ஐந்தாகப் போகிறது என்றது.

ஒருசந்தி இல்லை. இட்லி நாலு சாப்பிட்டேன். நேர்த்தியை வேலை கிடைத்த பிறகு வேறு விதமாகச் செலுத்துவதாக மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். தாயாக இருந்தவள், புரிந்துகொள்வாள்.

அதே ஹால், அதே பெரியவர். இம்முறை ஒன்பது பேர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மேஜையில் அதே மணி. அதைக் கண்டதுமே பயம் வந்தது, அதை இல்லை என்று எழுதமாட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஸ்டெல்லா பிறப்பதற்கு முன்னால் ஒரு தரம் கேரியர் கொண்டுபோனபோது கேபினுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ஸ்டேஷனிலிருந்து சட்டென்று மணி வந்தது, நான் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் நிதானமாகப் போய் அதே மணியைத் திருப்பி அடித்தார். "மணி வந்தா பயப்படக்கூடாது. கேட்டாச்சுன்னு திருப்பி அடிக்கணும். அப்புறம்தான் வேலை" என்றார்.

பெரியவர் மணியை அடித்தார். நான் பென்சிலின் மறுமுனையால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன். பக்கத்துப் பையன் திரும்பிப் பார்த்தான். தாளைத் திருப்பினேன்.

சேராத உருவம் சேராமல் இருந்தது. எண்கள் வரிசையாக வந்தன, வண்டிகள் மாதிரி, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தது. எல்லாம் தெரிந்தது என்று சொல்லவில்லை. கண்ணாடியில் தெரிகிற உருவங்களில் மூன்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. விளங்காததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஸ்டாப் வாட்ச் சத்தம் கேட்கவில்லை. முப்பத்தாறு எழுதினேன்.

தாளை வாங்கும்போது ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டார். தூங்கினேன் சார் என்றேன். போன முறை அப்படிச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். "அது அப்பவே தெரியும்மா. நான் இருபது வருஷமா இந்த மணியை அடிக்கிறேன். பாதிப் பேர் மூளையை வீட்டுலயும் ராத்திரியிலயும் விட்டுட்டுத்தான் இங்க வர்றாங்க" என்றார்.

27 நவம்பர், திங்கள்

31.

பத்மநாபன் சார் எண்ணைச் சொல்லிவிட்டு, காபி எங்கேம்மா என்றார். ஸ்டெல்லா உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. காபி நான்தான் போட்டேன்.

மாமாவுக்குக் கார்டு எழுதினேன். பின்கட்டு அறை வேண்டியதில்லை, கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வாருங்கள் என்று.

11 டிசம்பர், திங்கள்

வேலையில் சேர்ந்தேன். ஒன்பதரை முதல் ஐந்தரை. மஸ்டர் ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவு, எழுதுகிற பிரிவு. பிளாட்பாரம் வழியாகத்தான் போகவேண்டும், அங்கிருந்து பார்த்தால் கேபின் படிக்கட்டு தெரியும். புது ஆள் ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். ராத்திரி டியூட்டி முடித்து அங்கேயே தூங்கி எழுந்தவன் முகம். அவன் பெண்டாட்டி எங்கே இருக்கிறாளோ.

30 டிசம்பர், சனி

ஆபீசில் எல்லோருக்கும் 1990 டைரி கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திருமதி இ. அமலோற்பவம் என்று மேலே எழுதியிருந்தது. வழியில் இரண்டு தரம் பையைத் திறந்து பார்த்தேன்.

ஸ்டெல்லாவிடம் காட்டினேன். கணக்குப் பிள்ளைக்கு நோட்டு வந்தாச்சா என்று கேட்டாள். அதே ராகத்தில் கேட்டாள். சிறுபிள்ளையாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதெல்லாம் மனசில் இருந்திருக்கிறது. பிறகு, இந்த வருஷம் மூலையில் என்ன எழுதுவாய் என்றாள். நாளை மறுநாள் பூசை முடிந்து வந்து யோசிக்கலாம் என்றேன். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

பழைய டைரியை அவருடைய கேரியர்ப் பைக்குள் வைத்து மூடினேன். சரியாகப் பொருந்தியது.

விளக்கு ✓. கடிகாரத்துக்குச் சாவி ✓. அலாரப் பொத்தானை இன்று நான்தான் அமுக்கினேன்.